வன்னி விவசாயிகளும் நிவாரணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நிவாரண வேலை செய்த யாரிடமும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும். கனடாவிலிருந்து காசு அனுப்ப நினைப்பவர் ஒரு விதமாகக் கேட்பார், கொழும்பிலிருந்து அறிக்கை எழுத வருபவர் இன்னொரு விதமாகக் கேட்பார். நானும் அந்த வேலையில் இருந்தவன், வீட்டில் வயலும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே ஒரேயடியாக எழுதி வைக்கிறேன்.

எந்தச் சனத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்? என்ன நிவாரணம்?

வன்னி என்பது இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே கிடக்கும் பெருநிலம், அதாவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா. குளத்தையும் மாரி மழையையும் நம்பி நெல் விதைக்கிற ஊர்கள். 2008இன் கடைசியிலும் 2009இன் தொடக்கத்திலும் இந்தச் சனம் பயிர் நின்ற வயலை அப்படியே விட்டுவிட்டுக் கிழக்கே நகர்ந்துகொண்டே போனது. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது மூன்று லட்சத்துக்குக் கிட்டிய ஆட்கள் முகாம்களில் இருந்தார்கள், பெரும்பாலானோர் செட்டிகுளம் மெனிக் பாமில். அந்த முகாம் 2012 செப்டம்பரில்தான் முழுதாக மூடப்பட்டது.

யுத்தத்துக்கான நிவாரணம் ஒன்றுதான் வந்தது என்று நினைக்காதீர்கள். 2016-17இல் நாற்பது வருடத்தில் காணாத வறட்சி. 2018 டிசம்பரில் வெள்ளம். 2021இல் பசளைத் தடை, 2022இல் நாடே வங்குரோத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று உதவி. ஆக, பதினைந்து வருடத்துக்குள் நாலைந்து தடவை பதிவு, பட்டியல், வரிசை, கையெழுத்து என்று போன குடும்பங்கள் இங்கே ஏராளம்.

மீள்குடியேறும்போது கையில் என்ன கொடுத்தார்கள்?

ஐ.நா. அகதிகள் அமைப்பின் ஏற்பாட்டில் குடும்பத்துக்கு 25,000 ரூபா. சில தகரம், தறப்பாள். உலக உணவுத் திட்டத்தின் உலர் உணவு ஆறு மாதத்துக்கு: அரிசி, மா, பருப்பு, எண்ணெய், சீனி. பிறகு விதைநெல், மண்வெட்டி, கத்தி, தோட்ட விதைகள். இந்திய அரசு 95,000 விவசாயப் பொதிகளும் 500 உழவு இயந்திரங்களும் கொடுத்தது. அதற்கும் பிறகு இந்திய வீடமைப்புத் திட்டம், வடக்கு கிழக்குக்கு 46,000 வீடுகள், ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபா.

கேட்க நிறைய மாதிரித்தான் இருக்கும். ஆனால் வீடு இருந்த இடத்தில் ஆள் உயரப் பற்றை, கிணற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாது, மாடு எங்கேயோ கட்டாக்காலியாகத் திரிகிறது, வரம்பு இடிந்து எது யாருடைய வயல் என்றே விளங்காது. பொதிக்குள் வந்த மண்வெட்டியைப் பலர் பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, காட்டில் வெட்டிய தடியைச் சீவிப் பிடி போட்டுக்கொண்டார்கள். வந்த பிடி இரண்டு நாள் கொத்தினால் முறியும் சாமான். இரும்பு பரவாயில்லை.

சாப்பாடு இலவசமாகக் கிடைத்தால் சனம் சோம்பேறியாகிவிடாதா?

இந்தக் கேள்விக்கு முன்பு கோபம் வரும், இப்போது கணக்குச் சொல்வதோடு சரி. காலபோக (மாரிமழைப் போக) நெல்லை விதைத்தால் கையில் காசு வர நாலு மாதமாகும். உழவுக்கு, விதைக்கு, பசளைக்கு, மருந்துக்கு, வெட்டு மெசினுக்கு என்று காசு முதலே போய்விடும். அந்த நாலு மாதமும் வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே. உலர் உணவு இல்லாவிட்டால் அந்த ஆள் வயலை விட்டுவிட்டு நாள் கூலிக்குப் போவார், ரோட்டு வேலைக்கோ மணல் ஏற்றவோ. அரிசியும் பருப்பும் வந்தபடியால்தான் 2010இலும் 2011இலும் அவ்வளவு வயல் விதைபட்டது. நான் பார்த்த இடங்களில் உலர் உணவு நின்றதும் சனம் தடுமாறிய ஊர்கள், முதல் போகம் பிழையாகிப்போன ஊர்கள்தான். போகம் சரியாக வந்த ஊரில் அது நின்றதைப் பெரிதாக யாரும் பேசவில்லை, கொஞ்சம் மாவுக்கு ஏங்கினார்கள், அவ்வளவுதான்.

சோம்பேறிகள் இருக்கிறார்களா என்றால் இருக்கிறார்கள். எந்த ஊரில் இல்லை?

விதைநெல் கொடுப்பது சுலபமான வேலைதானே?

உதவிகளிலேயே மிகவும் பிழையாகிப்போகக்கூடியது இதுதான், ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

குளத்துப் பாய்ச்சல் இல்லாத மானாவாரி வயல்களில் புரட்டாதியில் புழுதியாக உழுது விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் எழும்பும், மார்கழியில் மண்டும், தையில் குடலை தள்ளிப் பூக்கும். மழை தையோடு ஓய்ந்துவிடும். இப்போது ஒரு நிறுவனம் கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரி, மூன்று இடத்தில் விலை வாங்கி, அனுமதி எடுத்து, விதைநெல்லைக் கார்த்திகை நடுவில் கொண்டுவந்து இறக்குகிறது என்று வையுங்கள். விதைத்தால் பயிர் வரும். ஆனால் அது பூக்கும் நேரம் வானத்தில் தண்ணீர் இல்லை, மானாவாரி வயலில் வாய்க்காலும் இல்லை. பதர்தான் வெட்டவேண்டும். புள்ளிவிவரத்தில் அந்தக் குடும்பம் உதவி பெற்ற குடும்பமாக நிற்கும்.

அப்புறம் இனம். மூன்றரை மாத நெல் நிற்கிற காணி வேறு, மூன்று மாத நெல் நிற்கிற காணி வேறு. பிந்திப் போனால் குறுகிய வயது இனம்தான் தரவேண்டும் என்பது வயல் பார்த்த எவருக்கும் தெரியும், கொள்வனவு செய்யும் மேசையில் இருப்பவருக்குத் தெரியவேண்டுமென்றில்லை. களர் பிடித்த கரையோரக் காணிக்கு மொட்டைக்கறுப்பன் மாதிரிப் பழைய நெல்லைத்தான் கேட்பார்கள், கொடுக்க எவரிடமும் இருக்காது.

விதை மூடை வீட்டுக்கு வந்ததும் விவசாயி செய்கிற முதல் வேலையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பிடி அள்ளி நூறு நெல்லை எண்ணி, நனைத்த சாக்குத் துண்டில் சுருட்டி, அடுப்படி மூலையில் வைப்பார். மூன்றாம் நாள் விரித்து முளைத்ததை எண்ணுவார். எண்பத்தைந்து தொண்ணூறு முளைத்திருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். அறுபது எழுபது என்றால் ஏக்கருக்கு இரண்டு புசல் போடுகிற இடத்தில் மூன்று போடவேண்டும், அதற்கு மூடை காணாது, பக்கத்து வீட்டில் கடன் கேட்கவேண்டும். ஒருமுறை ஒரு அம்மா அந்தச் சாக்கை அப்படியே எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்து மேசையில் விரித்து, 'தம்பி, நீங்களே எண்ணுங்கோ' என்றார். எண்ணினோம். அந்த வருடம் அந்த ஊருக்கு மட்டும் மேலதிகமாக மூடை போனது.

மிதிவெடி இருந்த காணியில் எப்படி விதைத்தார்கள்?

வெடி அகற்றிக் காணி வெளியாகிற வரை காத்திருந்தார்கள், சிலர் காத்திருக்கவில்லை. ஹலோ டிரஸ்ட், டாஷ் போன்ற அமைப்புகளும் இராணுவத்தின் பிரிவும் வருடக்கணக்காக மண்ணைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தன. பச்சிலைப்பள்ளிப் பக்கம் முகமாலை யுத்தத்தின் பிற்காலத்தில் பல வருடம் முன்னரங்கமாக இருந்த இடம், அங்கே தென்னங்காணிக்காரர்கள் யுத்தம் முடிந்து பத்து வருடத்துக்குப் பிறகும் தங்கள் காணியைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தார்கள். வெடி அகற்றிய அணிகளில் நிறையப் பேர் அதே மாவட்டத்துப் பெண்கள், கணவனை இழந்தவர்களும் அதில் உண்டு. அந்தச் சம்பளத்தில் பிள்ளையைப் படிப்பித்து, கிணறு கட்டி, லாண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) வாங்கிய வீடுகள் இருக்கின்றன. வாழ்வாதார உதவி என்ற பெயரில் கொடுத்த எத்தனையோ கோழிக்குஞ்சுகளைவிட இந்த மாதச் சம்பளம் பெரிய காரியம் செய்தது என்பது என் எண்ணம். இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது 2017 டிசம்பரில்தான்.

கோழிக்குஞ்சு, ஆடு எல்லாம் வீண் என்கிறீர்களா?

ஆடு வீண் இல்லை. ஆடு என்பது நடமாடும் சேமிப்பு, பள்ளிக்கூடச் செலவு வந்தால் ஒன்றை விற்கலாம். கோழி விஷயம் வேறு. நூறு குஞ்சு கொடுத்துவிட்டுத் தீவனத்துக்கு வழி சொல்லாமல் போனால் ஒரு மாதத்தில் பத்து மிஞ்சும், அதையும் கீரி பார்த்துக்கொள்ளும். ஊர்க்கோழி ஐந்தோ பத்தோ கொடுத்தவர்கள் நல்ல பெயர் வாங்கினார்கள்.

இவ்வளவு உதவி வந்தும் ஏன் கடன்?

உதவியே சில சமயம் கடனுக்கு வாசலாக இருந்தது. ஐந்தரை லட்சத்துக்கு ஒரு வீடு என்றால், கல், மணல், சீமெந்து விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் காசு கூரை மட்டம் வரைக்கும்தான் வந்தது. மிச்சத்துக்கு நகை அடகு. நகை முடிந்ததும் நுண்கடன். கம்பனிக்காரப் பொடியன் மோட்டார் சைக்கிளில் கிழமைக்கொருதரம் வந்து, ஐந்து பெண்களைக் குழுவாக உட்காரவைத்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்டவேண்டும் என்று எழுதி வாங்குவான். நெல் வருமானம் வருடத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இரண்டுமுறை. தவணையோ கிழமைக்கு ஒருமுறை. இந்த இரண்டும் பொருந்தவே பொருந்தாது, ஆகவே ஒரு கம்பனிக்குக் கட்ட இன்னொரு கம்பனியில் எடுத்தார்கள். 2016-17 வறட்சியில் வயல் காய்ந்தபோது இந்தச் சங்கிலி அறுந்து விழுந்தது. வாசலில் வந்து கத்துவது, இரவு எட்டு மணி வரை எழும்பிப் போகாமல் இருப்பது எல்லாம் நடந்தது. உயிரை விட்டவர்களும் உண்டு.

2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. சிலருக்கு உண்மையில் மூச்சு வந்தது. ஒரு லட்சத்து ஐயாயிரம் எடுத்தவருக்கு வரவில்லை.

யுத்தத்தில் தப்பி வந்த சனத்தை எது கடைசியாக உடைத்தது என்று யாராவது கேட்டால் நான் கிழமைத் தவணையைத்தான் காட்டுவேன்.

அப்படியென்றால் எப்படித்தான் தாக்குப்பிடித்தார்கள்?

அறிக்கைகளில் வருகிற மாதிரி ஒரே ஒரு காரணம் இல்லை. ஆனால் நான்கு தடவை விழுந்து எழும்பிய ஊர்களையும் எழும்பாத ஊர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும்: கமக்காரர் அமைப்பு, அதாவது ஊர் விவசாயிகளின் சங்கம், உயிரோடு இருந்த ஊர் தப்பியது.

சிறுபோகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலபோகம் முடிந்தபின் குளத்தில் மிஞ்சிய தண்ணீருக்கு இவ்வளவு ஏக்கர்தான் செய்யலாம் என்று ஒரு கணக்கு வரும். அரசாங்க அதிபர் தலைமையில் கூட்டம் நடக்கும், நீர்ப்பாசனப் பொறியியலாளர் அடிக்கணக்குச் சொல்வார், அப்புறம் சண்டை தொடங்கும். கடைசியில் வாய்க்கால் வாய்க்காலாகப் பங்கு பிரிப்பார்கள். தலைவாய்க்கால் பக்கம் காணி உள்ளவன் தன் வயலின் ஒரு துண்டை அந்தப் போகத்துக்கு வால்பக்கத்துக்காரனிடம் விட்டுக்கொடுக்கவேண்டும். முகம் சுளித்துக்கொண்டுதான் கொடுப்பான், ஆனால் கொடுப்பான். இந்த ஏற்பாட்டை எந்தத் தொண்டு நிறுவனமும் வந்து கற்றுக்கொடுக்கவில்லை, முகாமுக்குப் போகும்போது சனம் தலைக்குள் வைத்துக்கொண்டு போன விஷயம் இது. 2010இல் வாய்க்கால் தூர்ந்து கிடந்தபோது சிரமதானம் போட்டு வெட்டியதும் இந்த அமைப்புகள்தான், அதற்குப் பிறகுதான் 'வேலைக்கு உணவு', 'வேலைக்குக் காசு' என்று நிறுவனங்கள் வந்து சேர்ந்தன.

அப்புறம் கைமாற்று. இன்று என் வயலுக்கு நீ வா, நாளை உன் வயலுக்கு நான். மெசின் வந்தபிறகு இது குறைந்துவிட்டது, ஆனாலும் மிளகாய் நடவு, கச்சான் (நிலக்கடலை) பிடுங்கல் என்றால் இப்போதும் பெண்கள் அப்படித்தான் செய்கிறார்கள். சீட்டு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சின்னச் சுழல்நிதி, கூட்டுறவுச் சங்கக் கடை. விதைநெல்லைக் கடனாக வாங்கி அறுவடையில் கொஞ்சம் கூட்டித் திருப்பிக் கொடுப்பது.

கோயிலையும் விடமுடியாது. வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கல், புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பங்குனிப் பொங்கல் என்றால் சிதறிப்போன ஊர் ஒரு நாளைக்கு ஒன்றாகும். யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் எந்த ஊரில் குடியேறினார்கள், யாரிடம் மாடு இருக்கிறது, யாருக்கு விதை வேண்டும் என்ற சங்கதி முழுக்க அங்கேதான் கைமாறியது. நிறுவனங்கள் மாதக்கணக்கில் தேவை மதிப்பீடு செய்தன. வற்றாப்பளை மணலில் ஒரு இரவு உட்கார்ந்திருந்தால் பாதி தெரிந்திருக்கும்.

குடும்பத்தைப் பெண் தனியாக நடத்தும் வீடுகளில் விவசாயம் எப்படி?

காணி அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் கணவன் பெயரில். கணவன் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் மரணச் சான்றிதழ் எடுக்க அவளுக்கு மனம் வராது, எடுத்தால் தேடுவதைக் கைவிட்ட மாதிரி. எடுக்காவிட்டால் காணிப் பெயர் மாற்றம் இழுபடும், அதோடு விவசாயிகளைப் பதியும் அரச அலுவலகமான கமநல சேவை நிலையத்தில் பதிவு இழுபடும், பதிவு இல்லாவிட்டால் பசளையும் இல்லை, நட்டஈடும் இல்லை. சில பிரதேச செயலகங்களில் நல்ல உத்தியோகத்தர்கள் கிராம அலுவலரின் கடிதத்தை வைத்துக்கொண்டு வழி பண்ணினார்கள். ஆளைப் பொறுத்தது.

வயலை உழுவதற்கு ஆம்பிளை வரவேண்டும், அவன் தன் வயலை முடித்துவிட்டுத்தான் வருவான், ஆகவே இவள் வயல் எப்போதும் ஒரு கிழமை பிந்தும். இதைக் கவனித்த ஒரு சில இடங்களில் அமைப்புக்குக் கிடைத்த உழவு இயந்திரத்தை முதல் மூன்று நாள் இப்படியான வீடுகளுக்கு ஓட்டவேண்டும் என்று கூட்டத்தில் எழுதி முடிவெடுத்தார்கள். செலவே இல்லாத முடிவு. நான் பார்த்ததில் மிக நல்ல உதவித் திட்டம் எது என்று கேட்டால் இதைச் சொல்வேன், இதற்கு எந்தக் கொடையாளியின் பெயரும் இல்லை.

இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்க மறுத்தது சுயநலம் இல்லையா?

யாழ்ப்பாணத்து நண்பர்கள் விடாமல் கேட்கும் கேள்வி. சுருக்கமாகச் சொல்கிறேன். இரணைமடு கிளிநொச்சியில் 1902இல் வேலை தொடங்கிய குளம், இன்று இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயலுக்குத் தண்ணீர். ஆசிய அபிவிருத்தி வங்கியின் பணத்தோடு வந்த திட்டத்தில் குளத்தைத் திருத்தி உயர்த்துவதும் அங்கிருந்து குடாநாட்டுக்குக் குடிநீர் கொண்டுபோவதும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. விவசாயிகள் கேட்டது, மழை பொய்த்த வருடம் யாருக்கு முதல் உரிமை என்று. அதற்கு எழுத்தில் பதில் வரவில்லை. முகாமிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகாத ஆட்கள், கையில் இருந்த ஒரே சொத்து அந்தத் தண்ணீர். கடைசியில் குடிநீருக்குத் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் திட்டம் என்று ஆனது, குளமும் 36 அடிக்கு உயர்ந்தது. யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உதவி பெறுகிற சனம் கேள்வி கேட்கக்கூடாது என்ற எண்ணம் அந்தக் கோபத்துக்குள் இருந்ததையும் பார்த்தேன்.

பசளைத் தடை காலத்தில் என்ன நடந்தது?

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது காலபோகம் விதைத்தாயிற்று, பசளையும் கப்பலில் இல்லை. அந்தக் காலபோகத்தில் பச்சை நிறமே இல்லாமல் நின்ற பயிரைப் பார்த்த எவரும் மறக்கமாட்டார்கள். சேதனப் பசளை கூடாது என்று வன்னியில் எவரும் சொல்லவில்லை, மாட்டெரு போடாத தோட்டக்காரன் இங்கே இல்லை. ஆனால் உயர் விளைச்சல் இனத்தை விதைத்துவிட்டு யூரியா இல்லாமல் நில் என்றால் அது நிற்காது. 2021இல் 50 லட்சம் தொன்னைத் தாண்டிய நாட்டின் நெல் விளைச்சல் 2022இல் 35 லட்சத்துக்கும் கீழே போனது. கறுப்புச் சந்தையில் 50 கிலோ யூரியா மூடை 40,000 ரூபா வரை விற்றது. டீசலுக்கு வரிசை, மண்ணெண்ணெய் இல்லாமல் நீரிறைக்கும் இயந்திரம் சும்மா கிடந்தது.

2022 ஜூனில் ஐ.நா. 17 லட்சம் பேருக்கு என்று உதவி கோரியது, பிறகு அதை 34 லட்சமாக உயர்த்தியது. இந்தியாவிலிருந்து அந்த ஜூலையில் 44,000 தொன் யூரியா வந்தது, அது கடன் ஏற்பாட்டில். தமிழ்நாடு அரசு 40,000 தொன் அரிசியும் பால்மாவும் மருந்தும் அறிவித்து, மே மாதமே முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. 2023 மார்ச்சில் அமெரிக்க உதவியில், ஐ.நா. உணவு மற்றும் விவசாய அமைப்பின் ஊடாக, 36,000 தொன் டி.எஸ்.பி. (பொஸ்பேட்டுப் பசளை) வந்து இறங்கியது. அடிக்கட்டுப் பசளை இல்லாமல் பல போகம் செய்துவிட்ட மண்ணுக்கு அது தேவைப்பட்டது.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. 2022இல் நெல்லை விற்காமல் வீட்டில் வைத்துக்கொண்ட வீடுகள் நிறைய. கொழும்பில் அரிசி விலை ஏறிக்கொண்டிருந்தபோது வன்னியில் குறைந்தபட்சம் சோறு இருந்தது. 2009ஐக் கண்ட கிழவிகள் 'ஒரு வருடத்து நெல் வீட்டில் கிடக்கட்டும்' என்று அடம்பிடித்தார்கள், பிள்ளைகள் பழைய பயம் என்று சிரித்தார்கள், பிறகு சாப்பிட்டார்கள்.

வெள்ளம் வந்தால் காப்புறுதி இருக்கிறதே?

இருக்கிறது. கமக்காப்புறுதியில் நெல்லுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபா வரை என்று பல வருடம் இருந்தது. முழுதாக அழிந்தால்தான் முழுத் தொகை, பாதி அழிந்தால் பாதிக்கும் குறைவு, வந்து பார்க்கும் உத்தியோகத்தருக்கு நூறு வயல், நீங்கள் அழிந்த பயிரை அப்படியே விட்டுவைத்துக் காட்டவேண்டும், ஆனால் மறுபடி விதைக்க நாள் ஓடிக்கொண்டிருக்கும். 2018 டிசம்பர் 21 இரவு பெய்த மழையில் இரணைமடு நிரம்பி வழிந்தபோது கதவுகளைத் திறந்தது பிந்திவிட்டதா என்று பெரிய வாக்குவாதம் நடந்து விசாரணையும் வைத்தார்கள். அதைவிட விவசாயிகள் அதிகம் பேசியது, அடுத்த விதைநெல் எங்கே என்பதுதான்.

பட்டியலில் யார் விடுபடுகிறார்கள்?

குத்தகைக்குச் செய்பவர்கள். வயல் யாழ்ப்பாணத்திலோ லண்டனிலோ இருப்பவர் பெயரில் இருக்கும், விதைப்பவர் வேறு. பசளையும் நட்டஈடும் பதிவில் உள்ள பெயருக்குப் போகும், நேர்மையான காணிக்காரர் கொடுத்துவிடுவார். அடுத்தது, காணியே திரும்பக் கிடைக்காதவர்கள். கேப்பாப்புலவுப் பக்கம் சனம் 2017இல் தங்கள் காணியைக் கேட்டுப் படைமுகாம் வாசலில் கொட்டில் போட்டு மாதக்கணக்கில் குந்தியிருந்தது. பிலவுக்குடியிருப்புக்காரர்களுக்குக் காணி கிடைத்தது, மற்றவர்கள் பலர் தொடர்ந்து குந்தியிருந்தார்கள். காணி இல்லாதவருக்கு விதைநெல் கொடுக்கமுடியாது என்று நாங்கள் பட்டியலிலிருந்து வெட்டுவோம். விதிப்படி சரிதான். அவர்களோ விவசாயிகள், நாங்கள் சொல்லும் 'வாழ்வாதார மாற்று' எதிலும் அவர்களுக்கு விருப்பமில்லை.

வயல் கூலிக்காரர்களும் இப்படித்தான், மெசின் வந்தபிறகு இன்னும் மோசம்.

சனத்திடம் நம்பிக்கை இருக்கிறதா?

படிவத்தில் இப்படி ஒரு கேள்வியே இருந்தது: 'எதிர்காலம் பற்றி நம்பிக்கையாக இருக்கிறீர்களா? மிகவும், ஓரளவு, இல்லை.' பெரும்பாலானோர் ஓரளவு என்று போடுவார்கள், அது மரியாதைக்கு. நான் பார்ப்பது வேறு விஷயங்களை. வேலியோரம் தென்னம்பிள்ளை வைத்திருக்கிறாரா, ஏனென்றால் அது காய்க்க ஐந்தாறு வருடமாகும். களஞ்சியத்தில் விதைக்கென்று தனியாக மூடை கட்டி வேப்பிலை போட்டு வைத்திருக்கிறாரா, சாப்பாட்டுக்கு முட்டுப்பட்ட மாதத்திலும் அதைத் தொடாமல் விட்டாரா. தைப்பூசத்துக்குப் புதிர் (புதுநெல்) எடுக்கும்போது அயல்வீட்டுக்குக் கொடுத்தாரா.

மகனை வயலுக்கு வரவேண்டாம் என்று சொல்கிறாரா என்றும் பார்ப்பேன். நிறையப் பேர் சொல்கிறார்கள். அதை நம்பிக்கையீனம் என்று அறிக்கையில் எழுத எனக்குக் கை வராது. தன் பிள்ளை வெயிலில் காயக்கூடாது என்று நினைப்பது எந்தத் தகப்பனும் நினைப்பதுதான். ஆனால் அதே ஆள் அடுத்த புரட்டாதிக்கு உழவுக்குச் சொல்லி வைத்திருப்பார்.

வெளிநாட்டில் இருக்கிறேன், உதவ விரும்புகிறேன். என்ன செய்யலாம்?

மாதத்தைப் பாருங்கள். காலபோகத்துக்கு உதவுவதென்றால் ஆவணிக்குள் காசு ஊருக்கு வந்திருக்கவேண்டும், தீபாவளிக்கு அனுப்பும் காசு விதைப்புக்கு உதவாது. சாமான் வாங்கி அனுப்பாதீர்கள், காசாக அனுப்புங்கள், எந்த இன நெல் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். தனி ஆளுக்கு என்றால் உங்கள் உறவுக்காரருக்கே போகும், பரவாயில்லை, அதுவும் உதவிதான். ஊருக்கு என்றால் பதிவுள்ள கமக்காரர் அமைப்பு அல்லது மாதர் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி, கூட்டக் குறிப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம், ஒழுங்கான சங்கம் கோபிக்காது.

அறுவடையிலும் உதவலாம், இதை ஒருவரும் யோசிப்பதில்லை. மாசியில் எல்லாரும் ஒரே நேரத்தில் வெட்டுவதால் விலை விழும். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 என்று உத்தரவாத விலை அறிவித்தது, செலவுக்கே காணாது என்று விவசாயிகள் சொன்னார்கள். ஈரநெல்லைக் காயவைக்கத் தளமும் இரண்டு மாதம் வைத்திருக்கக் களஞ்சியமும் இருந்தால் வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிடவேண்டியதில்லை. சீமெந்துத் தளம் ஒன்று கட்ட ஆகும் செலவு, நீங்கள் அங்கே ஒரு மண்டபத்தில் நடத்தும் நிதி சேகரிப்பு இரவுவிருந்தின் செலவைவிடப் பெரிதாக இருக்காது. கட்டுவதற்கு முன் காணி யாருடையது என்று மட்டும் பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.